ஒரு ஸ்டாப் தள்ளி இறங்குகிறவள்

திருவனந்தபுரத்தில் வீடு எடுத்த நாளிலிருந்து ஒன்றரை வருஷம், தினமும் சாயங்காலம் நான் என் வீட்டை பஸ்ஸில் தாண்டிப் போனேன். கிழக்கேகோட்டையில் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எங்கள் சந்து முனையும், அங்கே நிற்கிற இஸ்திரி வண்டியும் நன்றாகத் தெரியும். பஸ் அங்கே நிற்கவும் செய்யும். நாலைந்து பேர் இறங்குவார்கள். நான் இறங்க மாட்டேன். அடுத்து வருகிற பேரூர்க்கடை ஜங்ஷன் வரைக்கும் போய், அங்கே இறங்கி, காய்கறிப் பையும் சோற்றுப் பாத்திரப் பையுமாக வந்த வழியே ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்து வீட்டுக்கு வருவேன். மழை பெய்தாலும் அப்படித்தான், கால் வலித்தாலும் அப்படித்தான். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்டக்டர் பக்கத்தில் வந்து, "எவிடேக்கா?", எங்கே போக வேண்டும், என்று கேட்கும்போது என் ஸ்டாப்பின் பெயரை நான் வாயால் சொல்ல வேண்டும். அது என்னால் முடியவில்லை.

ஸ்டாப்பின் பெயர் ஊளம்பாறை. நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்க மனநல மருத்துவமனை இருக்கிற இடம் அது. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அது வீடுகளும் மளிகைக் கடையும் பேக்கரியும் இருக்கிற சாதாரண இடம். எங்கள் ஊரில் அது இடமே இல்லை, வசவு. பரீட்சையில் கோட்டை விட்டவன், வெயிலில் வேகமாக நடந்து போகிறவன், தனியாகச் சிரித்தவன், காதலித்தவன் எல்லோரையும் நாங்கள் வாயாலேயே ஊளம்பாறைக்கு அனுப்பி வைப்போம். "இவள அங்கன கொண்டு விட்டாத்தான் செரியாவும்" என்று என் அம்மா என்னைத் திட்டாத வாரம் கிடையாது. போனை வைத்துக்கொண்டு ராப்பகலாகச் சிரித்துக்கொண்டிருந்த என் மகனிடம், "ஊளம்பாறைக்கு டிக்கெட் எடுக்கட்டாலே?" என்று நானும் கேட்டிருக்கிறேன். கடைசியில் டிக்கெட் எடுத்தவள் நான்தான்.

புலம்பெயர்ந்தவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் மஸ்கட்டில் இருக்கிற என் கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நாகர்கோவிலுக்கும் இங்கேக்கும் ரயிலில் இரண்டு மணி நேரம். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், குளிரும் கிடையாது. தேங்காயெண்ணெய் வாசம் அங்கேயும்தான், இங்கேயும்தான். மலையாளம் எனக்குப் பாதி புரியும். அதனால்தான் கஷ்டம். கடல் தாண்டிப் போனவன் அழுதால், பாவம், தூர தேசத்தில் கிடக்கிறான் என்பார்கள். எழுபது கிலோமீட்டர் தள்ளி வந்தவள் அழுதால் யார் ஏற்றுக்கொள்வார்கள்? "உனக்கென்ன, இந்தா இருக்கு ஊரு" என்பார்கள். சொல்லவும் செய்தார்கள். அடுத்த தெருவுக்குக் குடிபோனதுபோல எல்லோரும் நினைத்தார்கள். ஒரு கட்டத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு எதற்கு அழுகிறோம் என்று என்னையே கேட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவேன்.

வந்தது நல்ல காரியமாகத்தான். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கூடவே திருவனந்தபுரம் கிளைக்கு மாற்றல். ஆபீசில் எல்லோரும் கைதட்டினார்கள். என் கணவர் வடசேரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அந்த ஜூன் மாதத்திலேயே மகன் சென்னையில் கல்லூரியில் சேர்ந்தான். அதுவும் நல்ல காரியம். அதே நேரத்தில்தான் என் உடம்பும் மாறத் தொடங்கியது. மாதவிலக்கு தாறுமாறானது. நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று காது வரை சூடேறி வேர்த்துக் கொட்டும். எனக்குக் கெட்டது எதுவும் நடக்கவில்லை, அதுதான் விஷயம். யாராவது செத்திருந்தால் உட்கார்ந்து அழ ஒரு மூலை கொடுத்திருப்பார்கள். லட்டு தின்றவர்கள் முன்னால் எப்படி அழுவது?

முதல் ஐந்து மாதம் சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் போய் வந்தேன். உடம்பு தாங்கவில்லை. அப்புறம்தான் வீடு பார்த்தது. புரோக்கர் பேரூர்க்கடை பக்கத்தில் என்றுதான் சொன்னார். சின்ன வீடு, பின்புறம் துணி காயப்போட இடம், அதை ஒட்டி உயரமான ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் நிறைய மரங்கள். பிடித்துப்போய்க் கையெழுத்துப் போட்டேன். சாமான் இறக்கிப் பால் காய்ச்சிய பிறகு, வீட்டுக்காரி ஓமனச் சேச்சி வாசலில் வந்து நின்று, கடிதம் கிடிதம் வரும் என்று விலாசம் சொன்னார்கள். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வீட்டு நம்பர் சொன்னார்கள், சந்தின் பெயர் சொன்னார்கள், பிறகு, "ஊளம்பாற" என்றார்கள். பால் டம்ளர் என் கையிலேயே இருந்தது. மதிலைத் திரும்பிப் பார்த்தேன். எதன் மதில் என்று அப்போதுதான் புரிந்தது.

கணவருக்குப் போன் செய்தேன். ஒரு நிமிஷம் முழுசாகச் சிரித்தார். "கடைசில போய்ச் சேந்துட்டியே பகவதி" என்றார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியது. "வெளையாட்டுக்குச் சொல்லல கேட்டியா. உங்க அண்ணன்ட்டயும் சொல்லாண்டாம், இங்க யார்ட்டயும் சொல்லாண்டாம். பேரூர்க்கடைன்னு மட்டும் சொல்லு. உங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. சும்மா பேச்சு வரும்."

ஏற்கெனவே ஒன்று என்று அவர் சொன்னது என் அத்தையை. அப்பாவின் தங்கை, செல்லம்மா. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அத்தைக்கு முதல் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆவதற்குள் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. சாப்பிட மாட்டாள், குழந்தையைத் தூக்க மாட்டாள், சுவரைப் பார்த்துப் பேசுவாள். ஒருநாள் காலையில் டாக்ஸி வந்தது. அப்பாவும் அத்தையின் கணவரான மாமாவும் ஏறினார்கள், நடுவில் அத்தை. எங்கே என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அம்மா, பத்மநாபசாமி கோயிலுக்கு என்றாள். மூன்று மாதம் கழித்து அத்தை திரும்பி வந்தாள். நன்றாக இருந்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டு, முன்னைவிட நன்றாகவே இருந்தாள். ஆனால் அவளுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. குழந்தையை மாமா வீட்டார் வைத்துக்கொண்டார்கள், மாமாவுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அத்தை எங்கள் வீட்டோடு தங்கினாள். அன்றிலிருந்து இன்று வரை எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில்கூட அவள் கையில் யாரும் சீர்த்தட்டு கொடுத்ததில்லை. அப்பா போன பிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சமையல் முழுக்க அவள்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அத்தை திரும்பி வந்த புதிதில் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிக்கு இழுத்து வலித்தது. நான் கோபத்தில், "போ, ஊளம்பாறைக்கே போ" என்றேன். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் சொல்கிற வார்த்தைதான். அடுப்படியில் சத்தம் நின்றது. அம்மா என்னை அடிக்கக்கூட வரவில்லை. அத்தையின் கை ஒரு நொடி நின்றது. பிறகு சீப்பு மறுபடியும் இறங்கியது, முன்னைவிட மெதுவாக, வலிக்காமல். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி நடக்கிற ஒவ்வொரு சாயங்காலமும் அந்தச் சீப்புதான் ஞாபகம் வரும்.

எங்கள் ஊரில் ஒரு பெண் வாசலுக்கு வந்தால் நாலு வீட்டுக்குப் பதில் சொல்லாமல் தெருவைத் தாண்ட முடியாது. எங்கே போறிய, என்ன கறி வச்சிய, மூஞ்சி என்ன வாடிக் கெடக்கு. இருபது வருஷம் அந்தக் கேள்விகளை நான் சபித்திருக்கிறேன். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் மதில், கேட், கேட்டுக்குக் கொண்டி. பார்த்தால் அழகாகத் தலையசைப்பார்கள், கொண்டியைத் தாண்டி வர மாட்டார்கள். மரியாதை என்று எனக்கும் தெரியும். ஆபீசிலும் நல்லவர்கள்தான். சாப்பாட்டு மேஜையில் மலையாளத்தில் வேகமாக ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு என்னைப் பார்த்து, எனக்காக அந்த நகைச்சுவையை நிறுத்தி நிதானமாக மறுபடியும் சொல்வார்கள். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். நான் சிரிப்பேன். எல்லோரும் நான் சிரித்ததற்காகச் சந்தோஷப்படுவார்கள். அக்கிரகாரத்துத் தெருவில் தமிழ் கேட்கும் என்று மத்தியானம் ஒருநாள் ஆசையாக நடந்து பார்த்தேன். கேட்டது. ஆனால் அது ஆத்துக்குள் பேசுகிற தமிழ், கதவு சாத்தியிருந்தது.

முதலில் வாரம்தோறும் ஊருக்குப் போனேன். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு, வேலை அதிகம் என்று சொல்லத் தொடங்கினேன். உண்மையில், போனால் திரும்பி வர முடியாதோ என்று பயமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காஸ் சிலிண்டர்காரர் மணியடித்தார். கதவைத் திறந்து, உள்ளே வையுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமி இரண்டாவது தடவை சொன்னபோதுதான் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு நான் யாரோடும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தூக்கம் ஏற்கெனவே போயிருந்தது. சோறு வடித்து, ஆறவைத்து, அப்படியே கொட்டிய நாட்களும் உண்டு. போனில் எல்லோரிடமும், நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னேன். குளிப்பதற்கே அரை மணி நேரம் யோசிக்க வேண்டியிருந்தது என்று எந்த வாயால் சொல்வது?

இந்த ஊரில் என்னைக் கவனித்த ஒரே ஆள் ஓமனச் சேச்சி. அதுவும் தப்பாகக் கவனித்தார்கள். ஒருநாள் கேட்டில் நிறுத்தி, "பகவதிக்கு ஷுகர் உண்டோ?" என்று கேட்டார்கள். எனக்கு விளங்கவில்லை. "எந்நும் பேரூர்க்கட போயி திரிச்சு நடக்குந்நது ஞான் காணுந்நுண்டு. நல்லதா. நடப்புதன்னெயா மருந்நு." தினமும் பேரூர்க்கடை போய்த் திரும்பி நடப்பது சர்க்கரைக்காக என்று நினைத்திருக்கிறார்கள். தலையை ஆட்டிவைத்தேன். அதோடு விட்டதா? மறுநாளிலிருந்து வாசல்படியில் பாகற்காய் வரத் தொடங்கியது. அவர்கள் வீட்டுப் பந்தலில் காய்த்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை, பேப்பரில் சுற்றி, ஒரு கிலோவுக்குக் குறையாமல். எனக்குச் சர்க்கரையும் கிடையாது, பாகற்காயும் பிடிக்காது. ஆனால் என் வாசலில் ஒருவர் எனக்காக ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார் என்பதற்காகவே அதை வறுத்தும் புளிவிட்டும் தின்றேன். சில நாட்களில் நான் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான். பத்மநாபசாமி கோயிலில் நிற்கிறார்களாம், அண்ணனும் அவன் பெண்டாட்டி மைனியும் அத்தையும். "அட்ரஸ் அனுப்புட்டி, வீட்ட பாத்துட்டுப் போறோம்" என்றான். அனுப்பினால் போனில் அந்தப் பெயர் வரும். வாய் தானாகப் பொய் சொன்னது. "வீட்டுல பெயின்ட் அடிக்காவ அண்ணா, நிக்கவே எடமில்ல. பேரூர்க்கடை ஜங்ஷனுக்கு வாங்க, அங்கன நல்ல ஓட்டல் இருக்கு."

வந்தார்கள். ஓட்டலில் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜைதான் கிடைத்தது. மைனி ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தாள். புதுவீடு பார்க்க வருகிறவள் கொண்டுவருகிற முறைப்படி, மேலே இரண்டு வெற்றிலை வைத்து. அதை ஈரமான மேஜைமேல் என் பக்கம் தள்ளிவைத்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவனை வாசல்படி மிதிக்க விடாமல், ஒரு வாய்த் தண்ணீர் என் கையால் கொடுக்காமல் அனுப்புகிறேன். எங்கள் ஊரில் பகையாளியைக்கூட அப்படி அனுப்ப மாட்டோம். அத்தை ஊத்தப்பத்தைப் பிய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "மெலிஞ்சு போயிட்ட மக்கா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

போகிற வழியில் சாஸ்தமங்கலத்தில் எனக்கு வேலை இருக்கிறது என்று இன்னொரு பொய் சொல்லி அவர்களோடு காரில் ஏறினேன். புத்தியில்லாத காரியம். வண்டி அந்த மதிலோரமாகத்தான் போக வேண்டும் என்பது ஏறிய பிறகுதான் தோன்றியது. ஆஸ்பத்திரி போர்டு வந்தது. அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தான். மைனி போனை எடுத்துப் பார்த்தாள். அத்தை மட்டும் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து, மதில் முடிகிற வரை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழைய வேதனை கிளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். என்னால் வந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன். சந்து முனையில் எங்கள் இஸ்திரிக்காரர் என்னை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் ரொம்ப மோசமானது. பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, அன்றைக்கு மட்டும் வைத்த அரைநாள் ஆபீஸ் முடிந்து பேரூர்க்கடையில் இறங்கி சாலையைக் கடக்கப் போனேன். எப்போது நின்றேன் என்று தெரியவில்லை. நடுச்சாலையில் நின்றிருக்கிறேன். வித்துரா போகிற பஸ் ஒன்று எனக்கு ஒரு முழத்தில் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் வெளியே தலையை நீட்டிக் கத்தினார். பூக்கடைக்காரப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் உட்காரவைத்தாள், சோடா வாங்கித் தந்தாள். பஸ் வந்ததற்கு எனக்குப் பயமே வரவில்லை. வந்திருந்தால் வந்திருக்கட்டும் என்றுதான் உள்ளே இருந்தது. சோடா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. மகனின் முகம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நடந்து வரும்போது, இப்படியே போனால் அத்தைக்குக் கிடைத்த திரும்பி வருதல்கூட எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, மதிலை ஒட்டியே நடந்து, மெயின் கேட் வழியாக உள்ளே போனேன். வீட்டிலிருந்து ஏழு நிமிஷம். பதினான்கு மாதம் நான் சுற்றிப் போன இடம் ஏழு நிமிஷத்தில் இருந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் போனேன், வெட்கத்தைச் சொல்கிறேன். உள்ளே பார்த்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்கிற ஓ.பி. வரிசை. கைக்குழந்தையோடு ஒருத்தி, இன்ஜினியர் மாதிரி ஒரு பையன், பேப்பர் படிக்கிற ஒரு பெரியவர். கூட்டத்தில் நாகர்கோவில் தமிழ் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாளும் முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

டாக்டர் முப்பது வயதுப் பெண். "கூடெ ஆரெங்கிலும் வந்நோ?" என்று கேட்டாள். கூட யாரும் இல்லை என்றேன். "வீடு எவிடெயா? தூரெயாணோ?" நான் மதிலைக் கையால் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. "இந்த மதிலுக்கு அந்தப் பக்கம்" என்று தமிழில் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "பின்னே எந்தா வராஞ்ஞே?" பிறகு ஏன் வரவில்லை? அந்தக் கேள்விக்கு நான் அழத் தொடங்கினேன். ஒரு நாள் பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக. பஸ் நின்ற கதையையும் சொன்னேன். அவள் அதைக் குறித்துக்கொண்டு இரண்டு முறை திருப்பிக் கேட்டாள். மாத்திரை எழுதினாள். வாரம் ஒருமுறை பேச வர வேண்டும் என்றாள். உடம்பு மாறுகிற வயது, ஊர் மாற்றம், பிள்ளை பிரிந்தது எல்லாம் ஒன்றாக வந்தால் யாருக்கும் தாங்காது என்று, வெகு சாதாரணமாக, சளி பிடித்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். கடைசியாக ஒன்று சொன்னாள். "நாட்டில் ஒராளோடெங்கிலும் பறயணும். ஒராள் மதி." ஊரில் ஒரே ஒரு ஆளிடமாவது சொல்ல வேண்டும்.

கணவரிடம் சொல்லலாம். சொன்னால் அவர் பயந்து என்னை வேலையை விட்டுவிட்டு வரச் சொல்வார் என்று தோன்றியது. (பிறகு சொன்னேன், அவர் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த ரயிலில் வந்து நின்றார், பேசாமல் பாத்திரம் கழுவினார். மனிதர்களை நாம் குறைவாகத்தான் எடைபோடுகிறோம்.) அன்றைக்கு நான் போனில் கூப்பிட்டது அத்தையை. மத்தியானம் அண்ணனும் மைனியும் வீட்டில் இல்லாத நேரம்.

"அத்த, நான் ஒரு பொய் சொல்லிட்டேன். வீட்டுல பெயின்ட் ஒண்ணும் அடிக்கல. என் வீடு ஊளம்பாறைல" என்றேன். "அந்த மதிலுக்குப் பின்னால. இன்னைக்கு உள்ள போய் டாக்டரையும் பாத்தேன். எனக்குத்தான்." பிறகு, "அத்த, சின்னப் பிள்ளைல ஒரு நாள் தல வாரும்போது..." என்று தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"அங்கன ஒரு அயனி மரம் நிக்கும், பொம்பளைய வார்டுக்குப் பொறத்தால. நிக்குதா மக்கா?" என்றாள்.

எனக்குத் தெரியாது என்றேன். "வைகாசில பழம் விழும். நாங்க பொறக்கித் திம்போம். அன்னைக்குக் கார்ல போகும்போது பாத்தேன், வண்டி வேகமாப் போயிட்டுது. பாத்துச் சொல்லு" என்று வைத்துவிட்டாள். அன்றைக்குக் காரில் அவள் கழுத்தைத் திருப்பியது மரத்தைத் தேடித்தான். எங்கள் ஊரில் இத்தனை வருஷம் எல்லோர் வாயிலும் இருந்த அந்தப் பெயரில், ஒரு மரம் நிற்பது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நாங்கள் யாரும் அவளிடம் கேட்கவே இல்லை.

மரத்தைத் தேடி நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஓமனச் சேச்சியிடம் கேட்டேன். என் துணிக்கொடிக்கு நேர் எதிரே, மதிலுக்கு மேல் ஓங்கி நிற்கிற மரத்தைக் காட்டி, "அது தன்னெயா ஆஞ்ஞிலி" என்றார்கள். எங்கள் அயனிக்கு இங்கே அந்தப் பெயர். பதினான்கு மாதம் அதன் சருகைத்தான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வைகாசி பிறந்ததும் பலாவின் குட்டிபோல மஞ்சள் பழங்கள் என் பக்கமும் விழத் தொடங்கின. போன வருஷமும் விழுந்திருக்கும், எனக்குத்தான் கண்ணில் படவில்லை. அத்தையிடம் சொன்னேன். "நான் வாறேன்" என்றாள். அவள் வாழ்க்கையில் தனியாக ரயில் ஏறியதில்லை.

ஏறினாள். இங்கே தம்பானூர் ஸ்டேஷனில், கட்டைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்தோம். நான் முன்னைவிட நன்றாக இருந்தேன். தூங்கினேன், சாப்பிட்டேன். ஆனால் பழக்கம் விடவில்லை, இன்னமும் பேரூர்க்கடையில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வந்து, "எவிடேக்கா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை நிமிர்ந்து பார்த்து, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற குரலில், "ஊளம்பாறைக்கு ரெண்டு" என்றாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். எங்கள் சந்து முனையில் பஸ் நின்றது, இறங்கினோம். இஸ்திரிக்காரர் நேரத்தோடு வந்துவிட்டீர்களே என்பதுபோலப் பார்த்தார்.

வீட்டுக்குள் வந்ததும் அத்தைக்கு என் கையால் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு நேரே பின்புறம் போனாள். அந்த நேரத்தில் அண்ணன் போன் வந்தது. "அத்த வந்து சேந்தாளா? எங்க நிக்கிய ரெண்டு பேரும்? பேரூர்க்கடைலயா?"

ஆமாம் என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது. அத்தையைப் பார்த்தேன். துணிக்கொடிக்குக் கீழே குனிந்து ஒரு பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அண்ணா. என் வீடு ஊளம்பாறைல" என்றேன்.

போனில் அவன் பக்கத்துத் தெருவில் யாரோ ஹாரன் அடிப்பது கேட்டது. நானும் போனை வைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அண்ணன், "அத்த என்ன செய்யா?" என்று கேட்டான். "அயனிப்பழம் திங்கா" என்றேன். "செரி" என்றான். எதற்குச் சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சொல்லிவிட்டேன் என்று அத்தையிடம் சொன்னேன். அவள் திரும்பவில்லை. பழத்தின் சுளையை வாயில் போட்டுக்கொண்டு, கொட்டையைக் கையில் துப்பி வைத்துக்கொண்டு, மதிலுக்கு மேலே மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கத்துல நின்னு நான் இதப் பாத்ததே இல்ல மக்கா" என்றாள்.